கால் முன்னே போன டோலி

நெல்லிக்கொல்லை, ஜவ்வாது மலை
11.3.2025

கொழுந்தியா நதியாவுக்கு,

உங்க மாமன் தீர்த்தகிரி சொல்லச் சொல்ல, உன் அக்கா செவ்வந்தி எழுதறா. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும். ஆனா பேசத் தெரியாதுன்னு ஒருத்தனும் சொன்னது கெடையாது.

போன்ல பேசலாம்னு டவர் பாறை மேல மூணு வாட்டி ஏறினேன். மூணு வாட்டியும் கட் பண்ணிட்ட. ஏறி எறங்கறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கிப் போச்சி. சரி, லெட்டராவே போவட்டும்னு காலை பஸ் கண்டக்டர் கையில குடுத்து வுட்டிருக்கேன். நல்ல மனுசன். அவங்க அத்தை ஒருத்தி நம்ம மலையிலதான் வாழ்க்கப்பட்டா, கல்யாணத்தன்னிக்கு மாப்ள வூட்டு ஆடு பந்தக்கால புடுங்கிகினு போயி... உன் அக்கா பேனாவ வெச்சிட்டு மொறைக்கிறா. ஆட்டுக் கதை அப்பால.

நீ அன்னிக்கு செஞ்சது நாயமா?

புளி உலுக்கப் போன எங்க அண்ணன் முனிசாமி கெளை முறிஞ்சி விழுந்தாரு, பாறையில மண்டை பட்டுச்சி. ரோடு நாலு கிலோமீட்டர் கீழ. நீ ஆம்புலன்ஸ கீழ நிறுத்திட்டு ஒத்தையா ஏறி வந்த. மூஞ்சில தடிசா ஒரு கண்ணாடி. ஓரத்துல பச்சையா ஒரு வெளக்கு. எங்களைப் பாக்கற, ஆனா எங்களைப் பாக்கல. யாரோ காத்துல நிக்கற மாதிரி "சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர்"ன்ற. கொழந்தைங்கல்லாம் அழுவுது.

அது போவட்டும். நாங்க டோலி கட்டினோம், போர்வையில அண்ணன வெச்சி மூங்கில்ல தொங்க வுட்டோம், தோள்ல ஏத்தினோம். அப்ப நீ இன்னா சொன்ன? "திருப்புங்க, காலு முன்னாடி போவட்டும்"ன்ன. நீ இந்த மலையில பொறந்தவதானே? உசுரோட இருக்கறவங்கள தலை முன்னாடி தூக்குவோம். காலு முன்னாடி போறது யாரு, எங்க போறாங்கன்னு ஒனக்குத் தெரியாதா?

எங்க அண்ணி மங்கம்மா மண்ணை வாரித் தூத்தினாங்க. "எம் புருசன் கண்ணு தெறந்துகினு கீறாரு, அதுக்குள்ள பொணமாக்கறியாடீ!"ன்னாங்க. நீயும் வுடல. "எறக்கத்துல தலை கீழ போனா மூளையில ரத்தம் கட்டும், டாக்டரம்மா பாத்துகினே கீறாங்க"ன்னு கத்தின. இருபத்திரண்டு வருசமா நான் இந்த ஊரு டோலிக்கு முன்கம்பு. முன்கம்பு பிடிக்கிறவன் சொல்றதுதான் வழி. நான் சொன்னேன், தலை முன்னாடிதான்னு.

போனோம். வழியில அண்ணன் ரெண்டு வாட்டி வாந்தி எடுத்தாரு. நான் மறைக்கல. ஆனா ரோட்டாண்ட வந்ததும் எல்லார் எதுருலயும் "ஒங்க அண்ணன நீங்களே கொல்லப் பாத்தீங்க மாமா"ன்னு சொன்ன பாரு, அந்த வார்த்தை எங்கிட்டயேதான் கீது. எறங்க மாட்டேங்குது.

ஊரு கூடிப் பேசிட்டாங்க. ஆம்புலன்ஸ் ரோடு வரைக்கும் வரட்டும். கண்ணாடி மட்டும் மலை ஏறக் கூடாது. நானும் தலைய ஆட்டிட்டேன்.

புளி ரெண்டு கிலோ குடுத்து வுட்டிருக்கேன். கோவத்துல குடுக்கற புளிதான். ஆனா கொட்டை எடுத்தது.

தீர்த்தகிரி

(நதியா, நான் இன்னா எழுதறேன்னு இவருக்குத் தெரியாது. டவர் பாறை ஏறி வந்தா அரை மணி நேரம் இவருக்குப் பேச்சே வர மாட்டேங்குதுடீ. இவருக்கே பேச்சு வரலைன்னா நீயே யோசிச்சிக்கோ. — அக்கா)


ஆலங்காயம்
19.3.2025

மாமாவுக்கு நதியா எழுதுவது.

முதலில் பெரிய மாமாவைப் பற்றி. நேற்று போய்ப் பார்த்தேன். எழுந்து உட்கார்ந்திருக்கிறார். நர்ஸிடம் கேழ்வரகுக் களி கேட்டிருக்கிறார், அவர்கள் ரொட்டி கொடுத்தார்களாம். "மாட்டுக்குக் கூட இத போட மாட்டோம்"னு சொல்லி அந்த வார்டையே சிரிக்க வைத்துவிட்டார். இடது கை விரல்கள்தான் இன்னும் சரியாக மடங்கவில்லை. கொஞ்ச நாளில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார்கள்.

ரோட்டில் நான் சொன்ன வார்த்தை தப்பு. அந்த வார்த்தைக்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். சொன்ன விஷயத்துக்கு இல்லை.

உங்களுக்கு அது மூஞ்சியில் மாட்டிய தடித்த கண்ணாடி. எனக்கு அது என்ன தெரியுமா மாமா? நான் மூன்று வருடமாக இந்த வண்டியில் ஓடுகிறேன். மலை மேல் ஒவ்வொரு முறையும் நான் ஒருத்திதான். என் கையில் ஒரு உயிர் இருக்கும்போது "இது சரியா?" என்று கேட்க ஆள் கிடையாது. இப்போது அந்தக் கண்ணாடியைப் போட்டால், நான் பார்ப்பதை எல்லாம் கீழே ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரியதர்ஷினி அப்படியே பார்க்கிறார். என் காதில் பேசுகிறார். டவர் இல்லாத இடத்தில் அவர் குரல் போய்விடும். ஆனால் மற்றதெல்லாம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கும். விரலில் ஒரு கிளிப் மாட்டினால், அந்த ஆளின் நெஞ்சுக்குப் பக்கத்தில் காற்றிலேயே நம்பர் மிதக்கும், நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று. அவர் உடம்பின் மேல் ஒரு கோடு ஓடும். தலை உயர்ந்திருந்தால் கோடு பச்சை. தாழ்ந்தால் சிவப்பு.

அன்றைக்கு நாலு கிலோமீட்டரும் பெரிய மாமா மேல் நான் பார்த்தது அந்தச் சிவப்புக் கோடுதான். நீங்கள் யாரும் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தேன். அதனால்தான் கத்தினேன். நானும் அந்த மலையில் பிறந்தவள்தான், கால் முன்னே போவது யார் என்று எனக்கும் தெரியும். தெரிந்தேதான் கத்தினேன்.

இன்னொன்று. இந்தக் கண்ணாடி சோதனைக்கு வந்தது. இந்தப் பக்கத்துக்கே ஒன்றுதான். ஜூலை 31 வரை எங்கள் வண்டியில் இருக்கும். மலையில் பயன்பட்டால் இங்கேயே விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் சமவெளியில் நெடுஞ்சாலை வண்டிக்குப் போய்விடும். அங்கே ஒரு ஆஸ்பத்திரி விட்டால் இன்னொரு ஆஸ்பத்திரி. நமக்கு என்ன இருக்கிறது?

ஊர் முடிவு செய்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர் யார் பேச்சைக் கேட்டு முடிவு செய்யும் என்று எனக்குத் தெரியாதா?

புளி நல்ல புளிப்பு. உங்கள் கோபத்தைவிடக் கொஞ்சம் குறைவு.

நதியா


நெல்லிக்கொல்லை
6.4.2025

நதியா பொண்ணுக்கு,

அண்ணன் வூடு வந்து சேந்தாரு. எடது கையில சொம்பு நிக்கல, வுழுந்துடுது. அண்ணி பேசாம எடுத்து எடுத்துத் தர்றாங்க. அத பாத்துகினு ஒக்காந்திருந்தா ஒனக்கு எப்டி இருக்கும்? எனக்கும் அப்டித்தான் இருந்துச்சி. அதுக்கு மேல அதப் பத்தி என்னைக் கேக்காத.

ஆனா அந்தக் கோடு. செவப்புக் கோடு. அத நீ எழுதினப்பறம் களத்துல ஒக்காந்தா கோடு, கொல்லைக்குப் போனா கோடு. நான் இன்னா கண்ணாடியா போட்டுக்க முடியும்? சரி, கோட்டுக்கு பதிலு தண்ணி பாக்கலாமேன்னு தோணுச்சி. கூல்டிரிங்ஸ் பாட்டில் ஒன்னு எடுத்து பாதி தண்ணி ஊத்தி மூடினேன். படுக்க வெச்சி டோலியில கட்டிட்டா, தண்ணி எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கம் பள்ளம். இதுக்கு டாக்டரு வேணுமா?

உள்ள யாரைப் படுக்க வெக்கிறது? சொம்மா வெளையாட்டுக்கு டோலியில படுக்க எவனும் வர மாட்டான், ஆவாது. அதனால நம்ம கெடாவ கட்டிப் படுக்க வெச்சோம். ரங்கனும் கிருஷ்ணனும் முன்னாடி. ரெண்டு பேரும் நல்ல ஒசரம், தெரியுமில்ல? குள்ளப் பசங்க ரெண்டு பேரு பின்னாடி. இருவது அடி போகல, கெடா கட்டை அவுத்துக்கினு கிருஷ்ணன் முதுகுல ஒரு ஒதை வுட்டுச்சி பாரு! "மாமா, பேஷண்டு என்னை அடிக்கிறாரு"ன்றான். ஊரே சிரிச்சி வுழுந்துச்சி. அண்ணி கூட சிரிச்சாங்க, மொகத்த திருப்பிக்கினு.

அப்பால சாமை மூட்டைய வெச்சோம். தலைப்பக்கம் போர்வைய மூங்கிலோட ஒட்டி இறுக்கிக் கட்டினேன். கால்பக்கம் தொங்கலா வுட்டேன். ஒசரமான ஆளு முன்னாடி. இப்ப பாரு நதியா, எறக்கத்துலதான் போறோம், தலை முன்னாடிதான் போறோம், ஆனா பாட்டில் தண்ணி கால் பக்கம் ஓடிப் போயி நிக்குது! நான் நடுவழியில நின்னு கை தட்டினேன். ரங்கன் "இன்னா மாமா, பாட்டிலுக்கு பைத்தியம் புடிச்சிட்டீங்களா"ன்னான்.

ஏணிப்பாறையில மட்டும் ஒத்து வரல. அங்க படி செங்குத்து. அங்க தண்ணி தலைப்பக்கம் திரும்பி ஓடிடுது. நாலு வாட்டி கட்டிப் பாத்தோம். நாற்காலியில கட்டித் தூக்கலாமேன்னு ஒருத்தன் சொன்னான், அந்தச் சந்துல ரெண்டு பக்கமும் ஆளு நடக்க எடம் ஏது? அது கெடக்கட்டும், நாப்பது படிதானே.

டாக்டரம்மாவக் கேளு, தலை எத்தினி ஒசரம் இருக்கணும்னு. நான் கேட்டேன்னு சொல்லாத. ஊரு கேக்குதுன்னு சொல்லு.

தீர்த்தகிரி

(ராத்திரியில மூணு தலையாணி வெச்சி சாஞ்சிகினுதான் தூங்கறாரு. கேட்டா "தலை ஒசரமா வெச்சி சோதனை பண்றேன்"ன்றாரு. கணுக்கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு. — அக்கா)


ஆலங்காயம்
13.4.2025

மாமா!

டாக்டரிடம் உங்கள் கடிதத்தை அப்படியே படித்துக் காட்டினேன். ஊர் கேட்கிறது என்றுதான் சொன்னேன். கெடா உதைத்த இடத்தில் அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பாட்டில் வந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டார். "இவர எனக்குக் காட்டணும் நதியா" என்றார். இத்தனை பேர் சேர்ந்து செய்த கண்ணாடிக்குள் இருக்கும் கோட்டை, ஒரு பாட்டிலில் அடைத்துவிட்டாரே மனிதர் என்றார்!

தலை எவ்வளவு உயரம் என்று கேட்டீர்கள். உங்கள் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை தரையில் வையுங்கள். முழங்கை அங்கேயே இருக்க, ஒரு சாண் உயரத்துக்குக் கையைத் தூக்குங்கள். அந்தச் சாய்வு. மண்டை அடிபட்டவர்களுக்கு அது. மூச்சு திணறுகிறவர்களுக்கு இன்னும் அதிகம், உட்கார்ந்த மாதிரியே இருக்கவேண்டும்.

ஆனால் ஏணிப்பாறையைக் கெடக்கட்டும் என்று எழுதிவிட்டீர்களே. நாற்பது படியை நீங்கள் இறங்குகிறீர்கள், உள்ளே இருப்பவர் இறங்கவில்லை. மூச்சு திணறுகிற ஒரு ஆளை அந்த நாற்பது படியும் தலைகீழாகக் கொண்டுபோனால், கீழே வரும்போது அவர் இருக்கமாட்டார். அந்த இடத்தில் திருப்பித்தான் ஆகவேண்டும். நான் இந்த முறை கத்தவில்லை மாமா, எழுதத்தான் எழுதுகிறேன்.

ஒரு நாள் கண்ணாடியோடு வருகிறேன். மூட்டையை வைத்தே பார்க்கலாம். ஊரிடம் கேளுங்கள். ஜூலை முடிய இன்னும் மூன்றரை மாதம்தான்.

நதியா

அக்கா, இதற்குக் கீழே இருப்பதை அவருக்குப் படிக்காதே. கால் வீக்கம், மூன்று தலையணை, இரண்டும் நெஞ்சு சம்பந்தப்பட்டது. டோலிக்கு நல்ல நைலான் கயிறு இங்கேதான் கிடைக்கும் என்று சொல்லி இந்த வாரமே கூட்டிக்கொண்டு வா. கயிற்றுக் கடை ஆஸ்பத்திரிக்கு எதிரில்தான்.


நெல்லிக்கொல்லை
11.5.2025

நதியாவுக்கு,

ஜல்தியா சொல்றேன், பஸ்சு நிக்குது.

ஊரு ஒத்துக்கிச்சி! ஒரே ஒரு நாளு, கண்ணாடி மேல வரலாம். இருவத்தஞ்சாம் தேதி ஞாயித்துக்கெழமை. சாமை மூட்டைதான் பேஷண்டு. அண்ணி மட்டும் ஒரு கண்டிசன் போட்டுட்டாங்க. "மூட்டையா இருந்தாலும் ஏணிப்பாறையில திருப்பக் கூடாது. இன்னிக்கி மூட்டைய திருப்புவீங்க, நாளைக்கி மனுசன திருப்புவீங்க." ஊரு அதுக்கும் சரின்னுடுச்சி. நானும் மறுபடி தலைய ஆட்டிட்டேன்.

கயிறு வாங்க வரச் சொன்னியாமே. உழவு முடியட்டும். கயிறு எங்க ஓடிப்போவுது?

தீர்த்தகிரி

(நாலு வாட்டி கூப்ட்டுட்டேன்டீ. — அக்கா)


ஆஸ்பத்திரி, ஆறாம் நம்பர் கட்டில்
1.6.2025

நதியா பொண்ணுக்கு,

கயிறு வாங்க கூப்ட்டியே, அப்பவே வந்திருக்கணும். கடை எதுருலதான் கீதாம். ஜன்னல்ல பாத்தா தெரியுது. அக்காளும் தங்கச்சியும் என் முதுகுக்குப் பின்னாடி லெட்டர் போட்டு வெளையாடி இருக்கீங்க! உன் அக்கா நேத்துதான் ஒத்துக்கினா. இனிமே இவ எழுதினத கண்டக்டர் கிட்ட படிக்கச் சொல்லி கேட்டுட்டுத்தான் அனுப்புவேன்.

நீ டூட்டிக்கு ஓடிட்ட, ஒங்கிட்ட சொல்லவே முடியல. நர்சம்மா பேசாதீங்கன்றாங்க. லெட்டருக்குப் பேசறது பேச்சு இல்லன்னுட்டேன்.

அந்த ஞாயித்துக்கெழமை காலையில நீ வந்து டவர் பாறையாண்ட நின்ன இல்ல, அப்பவே எனக்கு நெஞ்சு மேல ஆட்டுக்கல்லு வெச்ச மாதிரிதான் இருந்துச்சி. சொல்லல. எல்லாரும் குஷியா கீறாங்க, நான் போயி ஆட்டுக்கல்லுன்னா நல்லாவா இருக்கும்? மூட்டைய தூக்கி டோலியில வெக்கச்சே ஒரு இருமல் வந்துச்சி. வாயில நுரை. மூச்ச இழுக்கறேன், வரல. நதியா, மூச்சுன்றது எம்மாம் பெரிய சொத்துன்னு வுட்டப்பறம்தான் தெரியுது.

நீ ஓடி வந்து விரல்ல கிளிப்ப மாட்டின. ஒங்கையில இருந்த போன்ல டாக்டரம்மா சத்தமா, "ஐயா, படுத்துடாதீங்க! நதியா, இது சோதனை இல்ல, தூக்குங்க!"ன்னாங்க. மூட்டைய தூக்கிப் போட்டானுங்க, அது பிரிஞ்சி சாமையெல்லாம் கொட்டி, ஊருக் கோழி எல்லாம் வந்து... அந்தக் கோழிக்கெல்லாம் அன்னிக்கு தீபாவளி. அது எங்க சாமைதான்னு அப்பறம்தான் தெரிஞ்சிது.

இருபத்திரண்டு வருசமா தூக்கினவன், மொத வாட்டி உள்ள போனேன். மேல பாத்தா வானமே ஆடுது. ஒன்னு சொல்றேன், ரங்கன் வலது கால ஓங்கி ஓங்கி வெக்கிறான். முதுகெலும்புல எறங்குது. இத்தினி நாளு எத்தினி பேரை இவன் இப்டி குலுக்கினானோ! தோள் மாத்தச்சே சொல்லிட்டு மாத்தணும்னு இருபது வருசமா சொல்றேன், உள்ள படுத்தப்பறம்தான் ஏன்னு எனக்கே புரிஞ்சிது.

தலைப்பக்கம் இறுக்கம், கால்பக்கம் தொங்கல், ஒசரமானவன் முன்னாடி. நம்ம கட்டு. நீ "பச்சை மாமா, பச்சை"ன்னு சொல்லிகினே வந்த. டாக்டரம்மா "யாரு இத கட்டினது?"ன்னு கேட்டாங்க. "பேஷண்டுதான்"ன்ன நீ. எனக்கு அந்த மூச்சுத் திணறல்லயும் ஒரு பெருமை.

அப்பால ஏணிப்பாறை. பள்ளம். டாக்டரம்மா கொரலு அறுந்துச்சி. மூணு படி எறங்கினதும் தலை கீழ போச்சி. தண்ணிக்குள்ள முங்கின மாதிரி. நீ "சிவப்பு"ன்ன, மெதுவாதான் சொன்ன. "நிறுத்துங்க"ன்ன. அண்ணி முன்னாடி வந்து கைய விரிச்சிகினு நின்னாங்க. "திருப்பாதீங்கடா, அவன் என் கொழுந்தன்டா!"

நீ கத்துவேன்னு நெனைச்சேன். நீ கத்தல. குனிஞ்சி என் காதாண்ட வந்து, "மாமா, முன்கம்பு நீங்க. நீங்க சொல்லுங்க"ன்ன.

அந்த ஒரு வார்த்தைக்கு, மார்ச்சி மாசத்துல நீ ரோட்டுல சொன்னது எறங்கிப் போச்சி நதியா. சத்தியமா.

எனக்கு யோசிக்க நேரம் ஏது? வாயில வந்தத சொன்னேன். "திருப்புங்கடா. அண்ணி, பொணம் பேசுமா? நான் பேசிகினே போறேன். என் பேச்சு நின்னா அப்ப அழுவுங்க."

திருப்பினானுங்க. காலு முன்னாடி, தலை மேல. அம்மாடி, காத்து உள்ள வந்துச்சி! நானும் பேச ஆரம்பிச்சேன். அந்தக் கண்டக்டர் அத்தை கல்யாணத்துல ஆடு பந்தக்கால புடுங்கிகினு ஓடின கதைதான். மாப்ள வேட்டியோட ஆட்ட தொரத்தினாரு பாரு, அதுவரைக்கும் சொன்னேன். எட்டாவது படியில பேச மூச்சு பத்தல. நீ ஆக்சிஜன் மாஸ்க்க மூக்குல அமுக்கி, "பேசாதீங்க மாமா, பேசினா காத்து வீணாவுது"ன்ன.

பேச்சு நின்னதும் அண்ணி மாருல அடிச்சிகினாங்க. ஒப்பாரிக்கு வாயைத் தெறந்தாங்க. கிருஷ்ணன் கால் நின்னுபோச்சி. நான் கண்ணால ஒன்ன பாத்தேன். நீ என் நெஞ்சுக்கு மேல காத்துல எதையோ பாத்த. தொண்டை கிழியற மாதிரி கூவின:

"நூத்தி முப்பத்தாறு!"

ஒருத்தனுக்கும் ஒன்னும் புரியல. "அவரு நெஞ்சு அடிக்குது! நிமிசத்துக்கு நூத்தி முப்பத்தாறு! நம்பர் இருந்தா ஆளு இருக்காரு!"ன்ன.

ரங்கன்தான் மொதல்ல புரிஞ்சிகினான். "இருக்காரு!"ன்னு கத்திட்டு அடுத்த படி வெச்சான்.

"நூத்தி முப்பத்தொன்னு!"

"இருக்காரு!"

அந்தப் பாறை சந்து முழுக்க எதிரொலி. கீழ ரோட்டுல ஆம்புலன்ஸ் டிரைவருக்கே கேட்டுச்சாமே. எங்க அண்ணன் முனிசாமி, விரல் மடங்காத கைய கம்பு மேல போட்டுகினு பின்னாடி வந்தாரு இல்ல, அவரு கொரலுதான் எல்லாத்துக்கும் மேல. "இருக்கான்! எந்தம்பி இருக்கான்!" கடைசி பத்து படியில அண்ணியும் சேந்துகிட்டாங்க. மண்ணை வாரித் தூத்தி ஏசின அதே வாயி.

நாப்பது படி. நானும் எண்ணினேன். நீ நம்பர எண்ணின, நான் படிய எண்ணினேன்.

டாக்டரம்மா நேத்து வந்தாங்க. "ஏணிப்பாறையில தலை கீழவே வந்திருந்தா நான் ஒங்கள பாத்திருக்க மாட்டேன்"ன்னாங்க. அப்பால "அந்த ஆட்டுக் கதை பாதியில நின்னுச்சாமே"ன்னாங்க. முழுசா சொன்னேன். நர்சம்மாதான் வந்து வெரட்டினாங்க.

தீர்த்தகிரி

(இப்ப ஒரே தலையாணிதான். மாத்திரை நான் குடுத்தா முழுங்கறாரு, கேள்வி கேக்காம. அது ஒன்னுதான் பயமா கீது. — அக்கா)


ஆலங்காயம்
3.8.2025

மாமாவுக்கு,

முக்கியமான சேதியைக் கடைசியில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. கண்ணாடி இங்கேயே இருக்கிறது! நேற்றுதான் கையெழுத்தானது.

நடந்ததைக் கேளுங்கள். சோதனை பார்க்க மூன்று பேர் வந்தார்கள். அன்றைக்கு ஏணிப்பாறையில் கண்ணாடிக்குள் பதிவானதைப் போட்டுப் பார்த்தார்கள். நான் ஒரு நம்பர் சொல்கிறேன், உடனே ஒரு கூட்டமே கத்துகிறது. ஒருவர் கேட்டார், "இது என்னங்க சத்தம்? கருவியில கோளாறா?" டாக்டர் பிரியதர்ஷினி எழுந்து, "கோளாறு இல்லீங்க. அங்க கால் முன்னாடி தூக்கறதுக்கு இதுதான் அனுமதி" என்றார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார்கள். முப்பத்தொன்பதாவது படி வந்தபோது, வந்த மூவரில் ஒருவரின் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். "இருக்காரு" என்றுதான் அசைந்தது.

உங்கள் பாட்டிலையும் கேட்டார்கள். ரங்கனிடம் கொடுத்து அனுப்புங்கள். அதே பாட்டில்தான் வேண்டுமாம், வேறு ஆகாதாம்.

நீங்கள் இனிமேல் கம்பு பிடிக்கக் கூடாது. கூடவே நடக்கலாம். வாயால் முன்கம்பு பிடியுங்கள், அது உங்களுக்குப் பழக்கம்தான்.

நதியா


நெல்லிக்கொல்லை
26.8.2025

நதியா பொண்ணுக்கு,

போன வாரம் நீ லீவுல இருந்த, ஒம் பதிலுக்கு வேற பொண்ணு கண்ணாடியோட வந்துச்சி. புதுசு. அதனால ஒனக்கு முழுசா தெரியாது. நான் சொல்றேன், பொறுமையா கேளு.

எங்க அண்ணி மங்கம்மாவ சுருட்டைப் பாம்பு கடிச்சிடுச்சி. கொள்ளுக் கொல்லையில, பாதத்துல. டாக்டரம்மா போன்லயே "கடிச்ச கால் கீழ இருக்கணும், ஆட்டாதீங்க"ன்னுட்டாங்க. அப்ப வழி பூரா காலு முன்னாடிதான். யாரு சொல்றது அண்ணிகிட்ட? அண்ணன் என்னைப் பாக்கறாரு, நான் ரங்கனைப் பாக்கறேன். அண்ணி தானே டோலியில ஏறி, தானே திரும்பிப் படுத்துகினு, கால முன்னாடி நீட்டினாங்க. "இன்னாடா பாக்கறீங்க? தூக்குங்க. நம்பர மட்டும் வுட்டுடாதீங்க"ன்னாங்க.

நான் பக்கத்துலயே நடந்தேன், கையில கம்பு இல்லாம. அந்தப் பொண்ணு மொதல்ல கூச்சப்பட்டுச்சி. ஏணிப்பாறையாண்ட மெதுவா "நூத்தி நாலு"ன்னுச்சி. "அது கீழ ரோட்டுக்கு கேக்காதும்மா, கத்து"ன்னேன்.

"நூத்தி நாலு!"

"இருக்காங்க!"

"நூத்தி ஏழு!"

"இருக்காங்க!" பாறையே கத்துது.

இருவதாவது படியில டோலிக்குள்ள இருந்து ஒரு சத்தம் வந்துச்சி பாரு:

"இருக்கேன்டா! காது வலிக்குது, பாத்து எறங்குங்கடா!"

அண்ணன் அப்டியே படியில ஒக்காந்து சிரிச்சாரு. கண்ணுல தண்ணி. சொம்ப வுட்டுடற அந்தக் கையாலதான் தொடைச்சிகினாரு.

ஊசி போட்டாங்க. நாளைக்கி வூட்டுக்கு அனுப்பறாங்களாம்.

தீர்த்தகிரி